பென்சிலுக்கு அடியில இருந்த கன்னம்

போட்டோ ஸ்டுடியோவுல படம் புடிக்கிறது அஞ்சு நிமிஷ வேல. புடிச்ச மூஞ்ச ஒக்காந்து சரி பண்றது மூணு நாள் வேல. அஞ்சு நிமிஷ வேல செஞ்சவரு எங்க வூட்டுக்காரரு. மூணு நாள் வேல செஞ்சவ நானு. போர்டுல பேரு அவரோடது மட்டும்தான் இருந்துச்சி, அத இப்ப எதுக்குப் பேசிக்கிட்டு.

விருத்தாசலத்துல கடவீதியில எங்க ஸ்டுடியோ. அறுபதுங்கள்லேர்ந்து எழுபதுங்க முடியற வரைக்கும் நான் டச்சிங் மேசையில ஒக்காந்திருந்தேன். டச்சிங்னா என்னான்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். நெகட்டிவ்ல எல்லாம் தலகீழு. மூஞ்சில கறுப்பா ஒரு தழும்பு இருந்தா, நெகட்டிவ்ல அந்த எடம் வெறும் கண்ணாடியாட்டம் தெரியும். அதுல பிசுக்குன்னு ஒரு மருந்தத் தடவி, ஊசி மாதிரி சீவுன பென்சிலால புள்ளி புள்ளியா ரொப்பணும். ரொப்பிட்டா பிரிண்டு போடறப்ப கறுப்பு காணாம போயிடும். பரு, மச்சம், கண்ணுக்குக் கீழ குழி, அம்மத் தழும்பு, எல்லாம் போயிடும். இந்த வேல செஞ்சவங்க யாராவது இதப் படிச்சிக்கிட்டு இருந்தீங்கன்னா, கழுத்துக்கும் வலது தோளுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்குது, அமுக்கிப் பாருங்க. வலிக்குதா? எனக்கும் அங்கதான்.

மங்களூர்க்காரரு மூஞ்சி

நான் வேல கத்துக்கிட்ட புதுசு. நம்ம ஜில்லா மங்களூர் பக்கத்துலேர்ந்து ஒரு பையனுக்குப் பொண்ணு வூட்டுக்கு அனுப்பப் போட்டோ எடுத்தாங்க. மூஞ்சி பூரா அம்மத் தழும்பு. பின்னாடி எங்க ஸ்டுடியோ திரை. குளம், குளத்துல ஒரு அன்னம். அந்த அன்னத்த எழுதுனவரு அன்னத்தப் பார்த்ததில்லன்னு நெனைக்கிறேன், கொக்குக்குக் கழுத்து சுளுக்குன மாதிரி இருக்கும். அத வுடுங்க.

நான் நாலு நாள் ஒக்காந்தேன். தழும்ப எடுத்தேன். எடுக்க எடுக்க ஆச வந்துடுச்சி. மச்சத்த எடுத்தேன். மூக்கு கொஞ்சம் கோணலா இருந்துச்சி, நெழல ரொப்பி அதையும் நிமித்திட்டேன். படம் வாங்க அவங்க அம்மா வந்தாங்க. தூக்கிப் புடிச்சிப் பார்த்தாங்க, வெளிச்சத்துல பார்த்தாங்க, திருப்பிப் பின்பக்கம் கூடப் பார்த்தாங்க. "படம் நல்லாத்தான் இருக்குது. இந்தப் புள்ள யாரு வூட்டுப் புள்ளன்னு விசாரிச்சி அவங்க கிட்டயே குடுத்துடும்மா"ன்னாங்க.

மாடு முட்டுனவங்க

கொஞ்ச நாள்லயே வேற மாதிரி கறுப்புங்க மேசைக்கு வர ஆரம்பிச்சிது. கன்னத்துல, கண்ணோரத்துல, தாடையில. எல்லாம் பொம்பளைங்க. கூட வந்த ஆம்பள நாம கேக்கறதுக்கு முன்னாடியே காரணம் சொல்லிடுவாரு. கெணத்துப் படியில வழுக்கிடுச்சி. கதவு இடிச்சிடுச்சி. நெறைய பேருக்கு மாடு முட்டிடுச்சி. எங்க ஊரு மாடுங்க பொம்பளைங்க கன்னமாப் பாத்து முட்டும்னு இந்த வேலைக்கு வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாது.

சேத்தியாத்தோப்புல எங்க சின்னம்மா வூட்ல ஒரு கெடேரி இருந்துச்சி. ஊருல யாரையும் வுட்டு வச்சதில்ல, போஸ்ட்மேன் தெரு முனையிலயே நின்னு பேரச் சொல்லிக் கூப்புடுவாரு. அதுகூட இடுப்புல, தொடையிலதான் முட்டும். கன்னத்துல முட்டணும்னா அது முக்காலி போட்டுல்ல ஏறணும். ஒரு தடவ, கூட வந்த ஆளு பீடி வாங்க எறங்குன நேரமாப் பாத்து அந்தப் பொண்ணு கிட்ட மெதுவாக் கேட்டேன், எந்த மாடும்மான்னு. வாசலப் பார்த்துட்டு அது சொல்லிச்சி: "எங்க வூட்ல மாடு இல்லீங்க. மாடுன்னு சொல்லச் சொன்னாரு."

நான் பென்சில சீவிக்கிட்டேன்.

சிங்காரத்தோட மரியாத

இந்த ஊருல என்கிட்ட மரியாதயாப் பேசுன கஸ்டமருங்கள வரிசப்படுத்துனா சிங்காரம் மொத ஆளு. லாரி ஷெட்டுல புக்கிங் பாத்துக்கிட்டு இருந்தாரு. இஸ்திரி போட்ட சட்ட, மடிச்ச கர்ச்சீப்பு, வலது கையில மூணு கல்லு வச்ச மோதரம். சம்சாரம் அஞ்சலை, செராமிக்குல ஒரு ஷெட்டுல வேல. கப்பு, சாசரு, ஊறுகா ஜாடி எல்லாம் சூளையிலேர்ந்து எறங்குனா நல்லது எது, விரிசல் எதுன்னு பிரிக்கிற வேல. பொறந்த வூடு கருவேப்பிலங்குறிச்சி. அப்பா அம்மா இல்ல, ஒரே அண்ணன்தான்.

ரெண்டு வருஷத்துல மூணு தடவ ஜோடியா வந்து படம் எடுத்தாங்க. அண்ணன் வூட்டுக்கு அனுப்பறதுக்குன்னு சிங்காரம் சொல்லுவாரு. தங்கச்சி நல்லா இருக்கான்னு தெரிஞ்சிக்க அண்ணனுக்கு ஆச இருக்காதான்னு கேப்பாரு. மூணு தடவையும் அஞ்சலைக்கு ஏதாவது ஒரு கன்னம் வீங்கித்தான் இருந்துச்சி. மூணு தடவையும் நான் ரொப்புனேன். மூணாவது தடவ அவரு கர்ச்சீப்ப மடிச்சிக்கிட்டே சொன்னத கேட்டு எனக்கு உள்ளூரப் பெருமையாக்கூட இருந்துச்சி, பொய் சொல்லக் கூடாது. "போன தடவ மாதிரியே பண்ணிடுங்கக்கா. போன தடவ துளிகூடத் தெரியல."

அண்ணன் வூட்டுச் செவுரு

அதுக்கப்புறம் ஒரு மூணு மாசம் இருக்கும். ஒரு மத்தியானம் அஞ்சலை மட்டும் தனியா வந்திச்சி. ஷெட்டுலேர்ந்து நேரா வந்திருக்கு, தலமுடியில, புருவத்துல எல்லாம் வெள்ளக் களிமண்ணுத் தூளு. ஒக்காரச் சொன்னேன், ஒக்காரல, நாற்காலி அழுக்காயிடும்னிச்சி.

வூட்ட வுட்டு அண்ணன் வூட்டுக்குப் போயிருக்குது. போறதுக்கு லீவு கெடைக்க ஒரு வாரம் ஆயிடுச்சி, அதுக்குள்ள வீக்கம் வத்திப் போச்சி. இப்படி இப்படி அடிக்கிறாருண்ணான்னு சொல்லியிருக்குது. அண்ணன் கெட்ட மனுசன் இல்ல. கையப் புடிச்சிக் கூட்டிக்கிட்டுப் போயி செவுத்தக் காட்டியிருக்காரு. அங்க நம்ம ஸ்டுடியோ படம் மூணும் கண்ணாடி போட்டு வரிசையாத் தொங்குது. "நீ ஒண்ணு சொல்ற, இது ஒண்ணு சொல்லுது. நான் எத நம்பறது?"ன்னு கேட்டிருக்காரு. புருசன் பொண்டாட்டின்னா சத்தம் வரும், அனுசரிச்சிப் போம்மான்னு சொல்லிட்டு, ஒரு பை நெறைய முருங்கக்கா பறிச்சிக் குடுத்து, அவரே பஸ்ஸேறிக் கொண்டாந்து வுட்டுட்டுப் போயிட்டாரு.

அன்னிக்கி என்ன ஆச்சின்னு நான் கேக்கல. தாவாக்கட்டையிலயே தெரிஞ்சிது. அஞ்சலை கோவமாப் பேசல. கப்பப் பாத்து இது செகண்ட்ஸு, தேறாதுன்னு சொல்ற மாதிரிதான் சொல்லிச்சி: "நீங்க இவ்ளோ நல்லா வேல செய்யாம இருந்திருக்கலாம்க்கா."

தட்டிப் பாக்கற வேல

எனக்கு அதுக்கு மேல அங்க நிக்க முடியல. உள்ள போயி அலமாரியத் தொறந்தேன். நெகட்டிவ் எதையும் நாங்க தூக்கிப் போடறதில்ல, நம்பரு போட்டு டப்பாவுல அடுக்கி வச்சிருப்போம். அஞ்சலையோட மூணு நெகட்டிவையும் எடுத்து மேசையில வச்சி, பஞ்சுல டர்ப்பன்டைன் தொட்டுத் தொடச்சேன். பென்சிலுக்கு அதுதான் எமன். மூணு நாள் ரொப்புனது மூணு தடவ தொடைக்கிறதுக்குள்ள வழிச்சிக்கிட்டு வந்துடுச்சி. ஒண்ணப் பிரிண்டு போட்டு ஈரத்தோட காட்டுனேன். வலது கையால குத்துன கன்னம், இடது பக்கம். வீக்கத்துக்கு நடுவுல வரிசையா மூணு கறுப்புப் புள்ளி.

அஞ்சலை அழும்னு நெனச்சி முந்தானையத் தயாரா வச்சிருந்தேன். அது அழல. டீ இருக்குதான்னு கேட்டிச்சி. குடிச்சிக்கிட்டே ஷெட்டுல அதோட வேல என்னான்னு சொல்லிச்சி. கப்ப வெரலால சுண்டணுமாம். நல்ல கப்பு கணீர்னு பேசும், விரிசல் கப்பு தொண்ட கட்டுன மாதிரி பேசும். விரிசலத் தூக்கி வாசப்படிக்கிட்ட ஒரு பலகையில அடுக்கிடுவாங்களாம், போறவங்க வர்றவங்க எல்லாரும் பாக்கணும், எந்தச் சூளையில கோளாறுன்னு அப்பத்தான் தெரியும்னு. டீ கிளாஸக்கூடச் சுண்டிப் பாத்துட்டுத்தான் கீழ வச்சிச்சி. "எங்க ஷெட்டுல விரிசலுக்கு மேல பூச்சு பூசுனா வேலைய வுட்டு நிறுத்திடுவாங்கக்கா. ஒங்க கடையில அதுக்குன்னே ஆளு வச்சிருக்காங்க."

ஏழு கன்னம்

அப்படித்தான் எங்க ஸ்டுடியோ வாசக் கண்ணாடிப் பொட்டியில விரிசல் பலகை வைக்கிறதுன்னு முடிவாச்சி. பேரு ஏட்டப் பார்த்து, மாடு முட்டுனவங்க வூடு வூடாப் போனேன். புதுப் பிரிண்டு போட்டிருக்கோம், பாக்க வர்றீங்களான்னு சாக்கு சொல்லி, தனியாக் கெடைச்சப்ப விசயத்தச் சொன்னேன். ரெண்டு பேரு கதவ சாத்திட்டாங்க. ஒருத்தி, என் கன்னத்தப் போட்டுக்கோ, மூக்குத்தி தெரியக் கூடாது, ஊருல இந்த மூக்குத்தி எங்க வூட்ல மட்டும்தான் இருக்குன்னா. கடேசியில அஞ்சலையோட சேத்து ஏழு பேரு சரின்னாங்க. பேரு கெடையாது, கண்ணு கெடையாது, மூக்கு கெடையாது. கன்னம் மட்டும் பெருசாக்கி, ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு படம். இடது பக்கம் தொடச்சது, வலது பக்கம் கடையில இருந்த பழைய டச்சிங் பிரிண்டு.

எங்க வூட்டுக்காரரு பேசறதே அபூர்வம். கல்யாணம் ஆன புதுசுல எனக்கு அவரு ஊமையோன்னு சந்தேகம் வந்துடுச்சி, அது தனிக் கத. அவருகிட்ட விசயத்தச் சொன்னேன். லென்ஸக் கழட்டித் தொடச்சாரு. அப்புறம், 'அடி வாங்கியவர்கள்'னு எழுதுனா ஒரு மணி நேரத்துல கண்ணாடிய ஒடைப்பாங்க, 'டச்சிங்குக்கு முன்பு, டச்சிங்குக்குப் பின்பு'ன்னு எழுதுன்னாரு. எல்லா ஸ்டுடியோவுலயும் வெளம்பரத்துக்கு அப்படி மாதிரி வைக்கிறது வழக்கம்தான்.

நான் பிரிண்டெல்லாம் காய வச்சி, வெட்டி, அட்டையில ஒட்டி, கண்ணாடிப் பொட்டியில மாட்டிட்டு அவரக் கூப்புட்டேன். அவரு பாத்தாரு. இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு. நானும் பாத்தேன். அய்யோ. பிரிண்டுல தூசிப் புள்ளி இருந்தா பிளேடால சுரண்டி, பிரஷ்ஷால தொட்டு மறைக்கிறது வழக்கம். என் கை அது பாட்டுக்கு, தூசியத் தொட்டதோட நிக்காம, காயத்தச் சுரண்டி, தடவி, ஏழு இடது கன்னத்தையும் கூட வழவழன்னு ஆக்கி வச்சிருந்திச்சி. பத்து வருசப் பழக்கம், எனக்கே தெரியாம. கல்யாணத்துக்கு அப்புறம் அவரு சேந்தாப்புல பேசுனது அது ரெண்டாவது தடவ. "சரோசா, ரெண்டு பக்கமும் டச்சிங் பண்ணி வச்சிருக்க. இதுல முன்பு எது, பின்பு எது?"

திரும்ப ஏழு பிரிண்டு போட்டோம். இந்த மொற பிரஷ்ஷயும் பிளேடையும் அவரு சட்டப் பையில வச்சிக்கிட்டாரு.

மாசி மகத்துக் கூட்டம்

மாசி மகத்துக்கு மணிமுத்தாத்துல முழுகி, கோயிலுக்குப் போற கூட்டம் பூரா கடவீதி வழியாத்தான் வரும். காலையிலேர்ந்து கண்ணாடிப் பொட்டிக்கிட்ட ஆளு நின்னுக்கிட்டே இருந்தாங்க. ஆம்பளைங்க வலது பக்கத்தப் பாத்தாங்க. என்னமா வேல செஞ்சிருக்காங்கன்னு மெச்சிக்கிட்டாங்க. ஒருத்தரு உள்ள வந்து ரொம்பப் பணிவா, எங்க வூட்டம்மாவுக்கும் இதே மாதிரி இருக்குது, நாளைக்கிக் கூட்டியாந்தா எடுத்துடுவீங்களான்னு கேட்டாரு. பேரக் கேட்டேன். ஊரக் கேட்டேன். மாடு எத்தினி வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். ஏன் கேக்கறீங்கன்னாரு. சும்மாதான்னேன்.

பொம்பளைங்க இடது பக்கத்தப் பாத்தாங்க. ஒருத்தி நின்னா இன்னொருத்தி வந்து ஒட்டிக்கிட்டு நின்னா. ஈரப் பொடவையோட, கையில தேங்கா பழத் தட்டோட. புதுசாக் கட்டுன தாலிச் சரடு மஞ்சளா இருந்த ஒரு சின்னப் பொண்ணு, இதென்ன அத்த, மாடு முட்டுனதான்னு கேட்டிச்சி. கூட இருந்த மாமியாக்காரி கண்ணாடியில மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிஞ்சி பாத்தா. அப்புறம் தட்ட இன்னொரு கைக்கு மாத்திக்கிட்டு, வெரலால தொட்டுத் தொட்டுக் காட்டுனா. "இது மாடு இல்லடி. இது மோதரம். கல்ல எண்ணு, மூணு இருக்குது பாரு."

கூடப் பொறந்தவரு கேட்ட கேள்வி

அன்னிக்கி அஞ்சலை அண்ணன வரச் சொல்லியிருந்திச்சி. எதுக்குன்னு சொல்லல, ஆத்துல முழுகிட்டு ஸ்டுடியோ பக்கம் வாண்ணான்னு மட்டும்தான். அஞ்சலைக்கு இருந்த கடேசி வழி அது. அண்ணன் இன்னொரு தடவ முருங்கக்காயோட கொண்டாந்து வுட்டுட்டுப் போனா, அப்புறம் போறதுக்கு எடம் இல்ல. அது உள்ள திரைக்குப் பின்னாடி, அந்தச் சுளுக்குன அன்னத்துக்குப் பின்னாடி, ஸ்டூல்ல ஒக்காந்திருந்திச்சி. ஸ்டூல் காலு கடகடன்னு ஆடிக்கிட்டே இருந்திச்சி.

அண்ணன் வந்தாரு. நெத்தியில திருநீறு, தோள்ல ஈரத் துண்டு. ஏழு கன்னத்தையும் வரிசையாப் பாத்தாரு. உச்சுக் கொட்டுனாரு. பாவம், யாரு பெத்த புள்ளைங்களோன்னாரு. அஞ்சலையோட கன்னத்துக்கிட்ட ரெண்டு நிமிஷம் நின்னாரு, அடுத்ததுக்குப் போயிட்டாரு. நான் வாசல்ல நிக்கிறேன். எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சி. எங்க வூட்டுக்காரரு கையக் காட்டி சும்மா இருன்னுட்டாரு.

அப்பத்தான் சிங்காரம் கோயிலுக்குப் போறவரு எதேச்சையா அந்தப் பக்கம் வந்தாரு. கூட்டத்தப் பாத்துட்டு எட்டிப் பாத்தாரு. மாமியாக்காரி வெரல் வச்சிக் காட்டுன அதே எடத்துல அவரு கண்ணு நின்னுடுச்சி. அவ்ளோதான், அத்தன வருசத்து மரியாதயும் ஒரே நொடியில காத்துல போச்சி. "யாரக் கேட்டு என் பொண்டாட்டி படத்த நடு ரோட்ல மாட்டுனீங்க? எடுங்கய்யா அத!"ன்னு கத்துனாரு. கத்தறப்ப கண்ணாடியில கைய வச்சித் தட்டுனாரு. வலது கை. மோதரம் டக்குன்னு பேசிச்சி.

மாமியாக்காரி அந்தக் கையப் பாத்தா, படத்தப் பாத்தா. உள்ள ஸ்டூல் ஆடற சத்தம் நின்னுடுச்சி. அண்ணன் துண்ட எடுத்து இன்னொரு தோள்ல போட்டுக்கிட்டு, கோவமே இல்லாம, நெசமாவே தெரிஞ்சிக்கணும்ங்கற மாதிரி கேட்டாரு: "கண்ணு இல்ல, மூக்கு இல்ல, பேரும் இல்ல. கூடப் பொறந்தவன், எனக்கே அடையாளம் தெரியல. ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சிது மாப்ள?"

செவுத்துல நாலாவது படம்

மாப்ள கர்ச்சீப்ப எடுத்து மோதரத்து மேல சுத்திக்கிட்டாரு. அஞ்சலை திரைய வெலக்கிக்கிட்டு வந்து அண்ணன் பக்கத்துல நின்னிச்சி, அவ்ளோதான். அன்னிக்கே அண்ணன் கூட பஸ்ஸேறிடுச்சி. ஒரு மாசம் கழிச்சி ஷெட்டுக்குப் பக்கத்துலயே, கூட வேல செய்யற ஒரு அம்மா வூட்ல ஒரு ரூமு எடுத்துக்கிட்டு, திரும்பக் கப்பு சுண்டப் போயிடுச்சி. சிங்காரம் கடலூருக்குப் போயி வேற ஸ்டுடியோவுல தனியா ஒரு படம் எடுத்துக்கிட்டாருன்னு கேள்விப்பட்டேன், வலது கையப் பாக்கெட்டுல வுட்டுக்கிட்டு.

ஏழு பேருக்கும் விடிஞ்சிடுச்சின்னு சொன்னா அதுவும் டச்சிங்தான். ஒருத்தி மறு வாரமே வந்து தன் கன்னத்த எடுத்துடச் சொன்னா, எடுத்துட்டேன். ரெண்டு பேரு அதே வூட்லதான் இருந்தாங்க. ஆனா அந்த வருசத்துலேர்ந்து எங்க கடைக்கு வந்த யாரையும் மாடு முட்டல. கெணத்துப் படியில வழுக்குனவங்க மட்டும் அப்பப்ப வந்தாங்க. பென்சில எடுக்க மாட்டேன், படிய எப்படிக் கட்டியிருக்கீங்கன்னு ஒண்ணொண்ணாக் கேப்பேன்.

ஒரு நாள் அஞ்சலையோட அண்ணன் வந்தாரு. கையில செவுத்துல தொங்குன அந்த மூணு கண்ணாடிப் படமும். திருப்பிக் குடுக்க வந்திருக்காருன்னு நெனச்சேன். மூணும் இருக்கட்டும், நாலாவதா தொடச்ச கன்னத்துல ஒரு பிரிண்டு குடும்மா, அஞ்சலைகிட்ட கேட்டுட்டேன், சரின்னுடுச்சின்னாரு. எதுக்குங்க அண்ணேன்னேன். அவருக்கு ரெண்டு பொண்ணு, பெருசுக்கு எடம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. "பொண்ணு பாக்க வர்றவனுக்கு காப்பி குடுக்கறதுக்கு முன்னாடி இதக் காட்டலாம்னு இருக்கேன். காப்பி எறங்குதா பாப்போம்."

பத்து வருசமா நான் பென்சிலால ரொப்பி ரொப்பி மூடுனத ரெண்டு சொட்டு டர்ப்பன்டைனும் மூணு கல்லு மோதரமும் ஒரே காலையில தொறந்து வச்சிடுச்சிங்க, கழுத்து வலிதான் எனக்கு மிச்சம்.